சீலை கட்டின வேலி

ஆனி 3, திங்கள்

கடலை விதைத்தாகிவிட்டது. மேற்கே மலைக்காடு, நடுவில் ஒரு ஓடை, ஓடையைத் தாண்டினால் எங்கள் கடலைக்காடு, காட்டுக்குள்ளேயே வீடு. பன்றிக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்த மாதிரிதான். போன வருஷம் காய் முற்றுகிற சமயத்தில் கூட்டமாக வந்து, ஏர் ஓட்டியது போலக் கிளறிவிட்டுப் போயின. காவலுக்குப் போன இவரையும் ஒன்று தொடையில் குத்திக் கிழித்தது. புண் ஆறி வெகு நாளாகிறது. நடையில் மட்டும் கொஞ்சம் சாய்வு.

இந்த வருஷம் உயிர்வேலி வைப்பது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எந்தச் செடியை எப்போது வைத்தேன், எது பிழைத்தது, எது செத்தது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த நோட்டு. ருக்மணி பேச ஆளில்லாமல் எழுதுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் சென்னியப்பன். புருஷன் பெயரை வாயால் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். எழுதினால் குறையும் என்று யாரும் சொல்லவில்லை.

"முள்ளுச் செடியா? நட்டு, அது வளந்து, பன்னி வந்து பாத்துப் பயந்து போறதுக்குள்ள நம்ம பேரனுக்கே கண்ணாலம் முடிஞ்சிரும்," என்றார்.

"பேரன் இன்னும் பொறக்கவே இல்லீங்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஆனி 6, வியாழன்

அந்தியூர் போய் நாற்றுப் பண்ணையில் அரை நாள் சுற்றினேன். பண்ணைக்காரர் என்னைப் பார்த்ததும் காகிதப்பூச் செடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பங்களாக்காரர்கள் எல்லாம் இதைத்தான் வைக்கிறார்களாம், பூவும் ஆச்சு, முள்ளும் ஆச்சு என்றார். "எங்கூட்டுக்கு வர்றது பூப்பறிக்க வர்லீங், கல்லக்கா திங்க வருது," என்றேன். அப்புறம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்.

பன்றி வேலியை எகிறிக் குதிக்காது. மூக்கை மண்ணோடு வைத்து நெம்பிக்கொண்டு உள்ளே வரும். ஆகவே முள் தரையிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். இடுப்புக்கு மேலே எத்தனை முள் இருந்தாலும் அது நமக்குத்தான் குத்தும். இதை வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிச் செடி அங்கேயே கழிந்துபோகிறது. கொடுக்காப்புளி மேலே மேலே ஏறிவிடும், வெட்டி வெட்டி அடக்க வேண்டும். இலந்தை நல்ல முள், ஆனால் பழம் உதிர்ந்தால் பன்றி அதற்கென்றே வரும். விருந்துக்கு அழைப்பு வைத்து வாசலைச் சாத்துவதில் அர்த்தமில்லை. முள்மூங்கில் வைத்தால் பன்றி போய் யானை வரும். சீமைக்கருவேலத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இருந்துவிட்டுப் போகிறேன் என்று விருந்தாட வந்த ஒறம்பரை வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட கதைதான் அது.

கழற்சியை நினைத்தேன். கொக்கி கொக்கியாக முள், மேலே பட்டால் விடாது. ஆனால் படர்ந்தால் நம்மையும் உள்ளே விடாது.

கடைசியில் மூன்று வரிசை என்று தீர்மானித்தேன். வெளியே ரயில் கற்றாழை, அதன் முனை பன்றியின் மூக்குக்கு நேராக நிற்கும். நடுவில் களா, அடியிலிருந்தே புதராக அடைக்கும், காய் ஊறுகாய்க்கும் ஆகும். உள்ளே கிளுவை. கிளுவைக்குக் காசே வேண்டாம், குச்சியை வெட்டி நட்டால் துளிர்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துப் பழைய வேலியெல்லாம் கிளுவைதான்.

வளர இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்றார் பண்ணைக்காரர். அதுதான் கவலை. கடலைக்கு இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கத் தெரியாது.

ஆனி 11, செவ்வாய்

கிளுவைக் குச்சி முழுக்க மயிலாத்தா கொடுத்தாள். கீழ்க்காட்டில் இருக்கிறாள், இரண்டு மாடு, ஒரு மகள். வீட்டுக்காரன் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. தினமும் விடிகிற நேரத்தில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு எங்கள் காட்டுக்குள் புகுந்துதான் சொசைட்டிக்குப் போவாள். சுற்றிப் போனால் ஊரைச் சுற்ற வேண்டும், பால் வண்டி போய்விடும்.

"வேலி அடைச்சா நா எப்பிடிக்கா போறது?" என்றாள், குச்சியை வெட்டிக் கொடுத்துக்கொண்டே.

"உனக்கு ஒரு சந்து விட்டுத்தான் நடுவேன்."

"பன்னிக்குத் தெரியாத சந்தா பாத்து உடு."

அவளும் நானும் சேர்ந்து நட்டோம். மகள் சௌமியா பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் ஊற்றினாள். அவளுடைய நாய் கருப்பன் ஒவ்வொரு குச்சியிலும் காலைத் தூக்கி, தன் பங்குக்குத் தண்ணீர் விட்டது. இவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனி 12, புதன்

கையை மடக்க முடியவில்லை. சோறு ஸ்பூனில் சாப்பிட்டேன். இவர் சிரித்தார்.

ஆடி 2, வியாழன்

கிளுவை இன்னும் சும்மா நிற்கிறது. கற்றாழை பிழைத்துவிட்டது. களாவில் பாதி வாடல்.

குமாரசாமி வந்திருந்தார், இவருடைய பங்காளி. வேலியைப் பார்த்து, "என்ன ருக்மணி, பல்லுக் குச்சி நட்டு வெச்சிருக்கற?" என்றார். பிறகு இவரைத் தனியே மோட்டார் ரூம் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிக்கொண்டிருந்தார். காப்பி கொண்டு போனேன். பேச்சு நின்றுவிட்டது.

அவர் காட்டைச் சுற்றித் திருட்டுக் கரன்ட் விடுகிறார் என்று ஊருக்கே தெரியும். போன தை மாதம் பக்கத்து ஊரில் அப்படி ஒரு கம்பியில் ஒரு ஆள் போய்விட்டான். குமாரசாமிக்கு அதெல்லாம் காதில் ஏறாது. "நம்மூட்டுல அந்த வேலையெல்லாம் வேண்டாமுங்," என்று அவர் போன பிறகு இவரிடம் சொன்னேன். "நா என்ன சொன்னேன் இப்ப?" என்றார். ஒன்றும் சொல்லவில்லைதான்.

ஆடி 18, சனி

கிளுவை துளிர்த்துவிட்டது! குச்சிக்குக் குச்சி பச்சை. ஆடிப்பெருக்குக்கு ஆற்றுக்குப் போகவில்லை, என் ஆறு இங்கேயே ஓடுகிறது என்று வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார் இவர். பிடித்தால் என்ன?

ஆனால் பன்றியும் வந்துவிட்டது. மேற்கு மூலையில் குளம்புத் தடம். கடலை இப்போதுதான் விழுது இறக்குகிறது, அதற்குள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

இந்தத் துளிரை நம்பி இந்த வருஷம் உட்கார முடியாது. இலந்தை முள்ளை வெட்டி மேற்கே அடைத்தேன். வேலிக்கு வெளியே கழி நட்டுச் சுற்றிலும் சீலை கட்டினேன். காற்றில் சீலை ஆடினால் ஆள் நிற்கிறது என்று பன்றி மிரளும். என் பழைய சீலை எல்லாம் வெளியே வந்துவிட்டது. மாங்காய்க் கரை போட்டது, மகள் கலியாணத்தில் சாம்பார் கொட்டிக் கறையானது, எல்லாம். ஊரே என் பீரோவைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

மயிலாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஊரில் சீலை கட்டின காடு என்றால் கரன்ட் இல்லாத காடு. இதை யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, அதுவாக ஆகிவிட்டது. பனியில் நனைந்த சீலை கம்பியில் பட்டால் கரன்ட் மண்ணுக்குப் போய்விடும் என்று, கம்பி விடுகிறவன் சீலை கட்ட மாட்டான். அதனால் சீலையைக் கண்டால் சின்னப் பிள்ளையும் பயமில்லாமல் தூக்கிவிட்டு நுழையும். மயிலாத்தாவும் அப்படித்தான், கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் மாங்காய்க் கரைச் சீலையைத் தூக்கி, குனிந்து, கிளுவைக் குச்சிகளுக்கு நடுவே புகுந்து போகிறாள்.

"உன்ற சீலைக்குள்ள பூந்து போறது எங்கம்மா முந்தானைக்குள்ள பூந்த மாதிரி இருக்குதுக்கா," என்றாள்.

ஆவணி 2, ஞாயிறு

கிளுவைக் குச்சிகளில் முழங்கால் உயரத்தில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருக்கிறது. மேற்கே எல்லாக் குச்சியிலும், வடக்கே பாதியிலும். எதற்கு என்று கேட்டேன். "பட்ட உரியாம இருக்கறதுக்கு. மொசலு கடிக்குது," என்றார்.

பட்டை உரியாமல் இருந்தால் நல்லதுதான். பண்ணைக்காரர் இதைச் சொல்லவில்லை.

மோட்டார் ரூமில் கட்டுக்கம்பிச் சுருள் ஒன்று புதிதாகக் கிடந்தது. சுரைக்காய்க்குப் பந்தல் போடுவார் போல. சுரை விதை வாங்க வேண்டும்.

ஆவணி 5, புதன்

ஒரு பன்றிகூட வரவில்லை. குமாரசாமியின் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் வந்து என் வேலியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு பெண்கள் சீலையை எத்தனை அடிக்கு ஒரு கழி நட்டுக் கட்டினாய் என்று கேட்டுப் போனார்கள். சீலைக்கும் முள்ளுக்கும் வந்த பவுசு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இவர் மோட்டார் ரூம் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டிருக்கிறார். திருட்டுப் பயமாம். எங்கள் மோட்டாரை இனாமாகக் கொடுத்தாலும் யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

ஆவணி 9, ஞாயிறு

துளிர்கள் சில கருகியிருக்கின்றன. டியூப் சுற்றிய இடத்துக்குப் பக்கத்தில் மட்டும். வெயில் அதிகம்.

களாவில் செத்த இடத்தை நிரப்பப் போனபோது பார்த்தேன், மயிலாத்தா புகுகிற சந்துக்கு இரண்டு பக்கத்துக் குச்சியிலும் இப்போது டியூப் இருக்கிறது. "இந்தச் சந்துக்கு எதுக்குங்? இவத்த மொசலே வராதே," என்றேன். "எல்லாப் பக்கமும் ஒண்ணாட்ட இருக்கட்டும்னுதான்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சாயங்காலம் ஆனதும் இவர்தான் தண்ணீர் திருப்பப் போகிறேன் என்று போகிறார். நான் மாட்டைப் பார்க்கிறேன். ஆளுக்கொரு வேலை.

ஆவணி 12, புதன்

கருப்பன் செத்துவிட்டது. மேற்கு வேலிக்குள்ளே கடலைச் செடிமேல் கிடந்தது. வாயைத் திறந்தபடி, ஒரு முன்னங்காலை நீட்டிக்கொண்டு. மயிலாத்தா தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நாய்க்கு இப்படி அழுவாளா என்று நினைத்தேன். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள், அதில் ஒருத்தன் இது.

"பாம்புதான் கடிச்சிருக்குது," என்றார் இவர். "இந்த ஓடக் கரையில கட்டுவிரியன் நெம்ப."

"நொரை தள்ளலீங்களேண்ணா," என்றாள் மயிலாத்தா.

"சில பாம்புக்குத் தள்ளாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சீலை ஒன்றை அவிழ்த்துக் கொடுத்தேன், சுற்றிப் புதைக்க.

ஆவணி 13, வியாழன்

பாம்புதான்.

ஆவணி 19, புதன்

இவருக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். ஊசி போட்டுக்கொண்டு வந்தார். படுக்கச் சொன்னால் கேட்கவில்லை, சாயங்காலம் அந்தக் காய்ச்சலோடு தண்ணீர் திருப்பப் போனார். "ஒரு நாளைக்கு உட்டாத்தான் என்னங்?" என்றேன். "ஒரு நாள் போதும் அதுகளுக்கு," என்றார். காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், கொத்தாக வந்தது. இப்படி ஒரு கடலை எங்கள் காட்டில் விளைந்து வருஷக் கணக்காகிறது.

அதை நினைத்துச் சந்தோஷப்படத்தான் பார்க்கிறேன்.

ஆவணி 20, வியாழன்

காலையில் பாம்பு. வேறொன்றும் எழுத வரவில்லை.

ஆவணி 21, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

விழித்தபோது வெளுத்துவிட்டிருந்தது. கோழிகள் கீழே இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. இவர் பக்கத்தில் ஊசி மயக்கத்தில் தூங்குகிறார். கம்பியைச் சுருட்டிக்கொண்டு வந்து மோட்டார் ரூமைப் பூட்டுகிற சத்தம் கேட்காமல் இந்த மாதத்தில் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. நேற்று அந்தச் சத்தம் கேட்கவில்லை.

கேன் சத்தம் கேட்டது. மயிலாத்தாவுடைய கேனுக்கு மூடி லொடலொடவென்று இருக்கும்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. வாசலைத் தாண்டியதும் பார்த்துவிட்டேன். மாங்காய்க் கரைச் சீலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு குனிகிறாள். ஒரு காலைத் தூக்கிவிட்டாள். அந்தக் கிளுவை அவள் கொடுத்த குச்சி, அதன் முழங்கால் உயரத்தில் கம்பி.

"மயிலாத்தா! நில்லு! அசையாத!"

தூக்கின கால் தூக்கினபடி நின்றாள். "என்னக்கா?"

கரன்ட் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"பாம்பு! கீழ பாம்பு! அப்பிடியே பின்னால போ!"

ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. சீலையை விட்டாள். அது அசைந்து அவளை மறைத்துக்கொண்டது. உள்ளே ஓடி இவரை அடித்து எழுப்பினேன். உண்மையிலேயே அடித்தேன், முதுகில். இவர் எழுந்து, எங்கிருக்கிறோம் என்று ஒரு நொடி விழித்து, பிறகு புரிந்து, அந்தச் சாய்ந்த நடையில் மோட்டார் ரூமுக்கு ஓடினார். சாவி பூட்டில் நுழையவில்லை. நான் பிடுங்கித் திறந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது மயிலாத்தா போய்விட்டிருந்தாள், சுற்றுப் பாதையில். பால் வண்டி போயிருக்கும்.

இன்று காலையில் சீலைகளை அவிழ்க்க ஆரம்பித்தேன். வடக்கிலிருந்து ஒவ்வொன்றாக. பாதையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். காய் முற்றுகிற சமயத்தில் ஒருத்தி சீலையை அவிழ்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவர் வந்து என் கையைப் பிடித்தார். "அவுக்காத ருக்கு. அவுத்தா ஊருக்கே தெரிஞ்சு போயிரும்."

"தெரியோணும்னுதானுங் அவுக்கறேன்."

"மூணு வாரத்துல புடுங்கிரலாம். அதுக்கப்பறம் கம்பியத் தொடவே மாட்டேன்."

"என்ற சீலைய நம்பி அவ காலத் தூக்குனா. குமாரசாமி மச்சான் கம்பி உட்டாலும் வெளிய தெரிய உடறாரு. நீங்க என்ற சீலைக்குப் பின்னால உட்டீங். அவ போறதப் பாத்துட்டுத்தானங் அந்தச் சந்துலயும் டியூப்பச் சுத்துனீங்?"

என் கையை விட்டார். நான் அடுத்த கழிக்குப் போனேன். என் பின்னாலேயே வந்தார். அதற்கடுத்த கழிக்கும் வந்தார். கோபத்தில் எனக்குக் கண் மறைத்தது, முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன்.

"காவலுக்குப் போவ முடியலடி," என்றார். "பன்னி மூச்சு உடற சத்தங் கேட்டா எனக்குக் காலு வெறச்சுப் போவுது. ஓட வரமாட்டேங்குது. கத்த வரமாட்டேங்குது. ஒரு ஆம்பள இத யார்கிட்டச் சொல்லுவான்?"

எனக்குச் சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்தவள். இதை அவரிடம் சொல்லவில்லை. "அந்த முனையப் புடிங்," என்றேன். பிடித்தார். இரண்டு பேருமாக மிச்சச் சீலைகளை அவிழ்த்து மடித்தோம். மத்தியானம் இவரே கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு வந்தார். டியூப் துண்டுகளை நான் அறுத்தேன்.

ஆவணி 22, சனி

மயிலாத்தா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குக் கீழே உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"அக்கா," என்றாள். "அந்தப் பாம்பு என்ன நெறம்?"

"கம்பி நெறம்," என்றேன்.

பால் சத்தம் நிற்கவில்லை. கறந்தபடியே, "கருப்பனயும் அதுதான் கடிச்சுதா?"

"ஆமா சாமி."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் பார்க்கவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டாள்.

"சௌமி தெனம் அந்தச் சந்துலதான்க்கா பள்ளிக்கூடத்துக்கு ஓடறா," என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை, கத்தவில்லை. கேனை மூடினாள். "நாளையிலருந்து நாங்க சுத்திப் போய்க்கறோம்," என்றாள். தலைமயிரைப் பிடித்து இரண்டு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

ஆவணி 28, வெள்ளி

குமாரசாமி வாசலில் நின்று, "காட்டிக் குடுத்துட்டியே," என்று கத்திவிட்டுப் போனார். சீலை அவிழ்த்ததைப் பார்த்து ஊரில் பேச்சு ஆரம்பித்து, அது அவர் காடு வரைக்கும் போய்விட்டதாம். அவரும் கம்பியைச் சுருட்டிவிட்டார். சுருட்டட்டும்.

பரணில் இரண்டு பேரும் சேர்ந்துதான் காவல் உட்காருகிறோம். தகர டின்னும் கட்டையும். பன்றி வந்தது. இவர் கை வேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டது, ஆனால் இன்னொரு கையால் டின்னை அடித்தார். மேற்கு மூலை போய்விட்டது. மற்ற இடமெல்லாம் நிற்கிறது. கற்றாழை அடர்த்தியாக இருக்கிற இடத்தில் ஒன்று மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது, தடம் தெளிவாக இருக்கிறது. என் செடிக்கு முதல் வெற்றி. சொல்லிச் சந்தோஷப்பட ஆள் சுற்றிப் போகிறாள்.

புரட்டாசி 5, சனி

சீலைகளைத் துவைத்து மறுபடி கட்டினேன். கட்டும்போதே தெரியும். ஒரு தடவை பொய் சொன்ன சீலை.

காலையில் சந்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கேன் சத்தம் வந்தது. மயிலாத்தா வரப்பில் நின்று மாங்காய்க் கரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கம்பி இல்ல சாமி, வந்து பாரு," என்றேன். "இருக்கட்டும்க்கா," என்று சுற்றுப் பாதையில் திரும்பினாள். சௌமியா பின்னாலேயே ஓடினாள், பையை முதுகில் தட்டிக்கொண்டு. இரண்டு நாளாக மயிலாத்தாவுக்குப் பால் வண்டி தவறுகிறது என்று சொசைட்டியில் சொன்னார்கள்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். எழுந்து கை கழுவப் போனார். எனக்குக் கோபம் வந்தது.

புரட்டாசி 8, செவ்வாய்

மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு நிமிர்ந்தேன், இவரைக் காணோம். சந்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வேலிக்கு உள்ளே, கம்பி ஓடின இரண்டு பக்கத்துக் கிளுவையையும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி. செருப்பு இல்லை, வெறுங்கால் ஈர மண்ணில். துளிர்த்த குச்சியில் இப்போது முள் முற்றிவிட்டது. அதையும் சேர்த்துத்தான் பிடித்திருந்தார்.

கேன் சத்தம் வந்து நின்றது. சீலைக்கு அந்தப் பக்கம் மயிலாத்தா. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று தெரியாது. நான் கிட்டே போகவில்லை.

"வா தாயி," என்றார். "பாலுக்கு நேரமாச்சு."

சீலை கொஞ்சம் விலகியது. அவள் கண் முதலில் அவர் காலைப் பார்த்தது, பிறகு கையை. விரல் இடுக்கில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. கேனைக் கீழே வைத்தாள். கையைத் திருப்பி, அவர் பிடித்திருந்த குச்சியைப் புறங்கையால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள், கரன்ட் இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் தொடுவது போல. எடுத்துவிட்டாள். இன்னொரு தரம் தொட்டாள். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு, அவர் கைக்குக் கீழே குனிந்து புகுந்து, என்னைத் தாண்டிப் போனாள். போகும்போது என் தோளில் அவள் தோள் இடித்தது. வேண்டுமென்றே இடித்தாளா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சௌமியாவை அவள் இன்னும் சுற்றுப் பாதையில்தான் அனுப்புகிறாள்.

இவரை வாசலில் உட்கார வைத்து முள் எடுத்தேன். உடைந்து உள்ளே போயிருந்தது. ஊசி கிடைக்கவில்லை, களாவில் ஒரு முள் ஒடித்துக்கொண்டு வந்து நெம்பினேன். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். எடுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, எத்தனை வலிக்கும் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

"நாளைக்கும் போய் நிக்கோணுமா?" என்றார்.

"அவ உள்ளங்கையால தொடற வரைக்கும் நில்லுங்," என்றேன்.